பூனைக்குட்டி பயிற்சி செய்கிறதா?

பூனைக்குட்டி ஏன் விளையாடுகிறது? இக்கேள்விக்கு விடை தெரியாதவர் அநேகமாக எவரும் இலர். “நாளை எலி பிடிப்பதற்காக இன்று பழகிக்கொள்கிறது” என்று நான்காம் வகுப்பு மாணவன்கூடத் தயங்காமல் சொல்லிவிடுவான். விலங்குகளைப் பற்றிய எளிய நூல்கள் பலவற்றிலும் இவ்விடையே காணப்படுகிறது. நூற்கண்டை உருட்டி விரட்டுவது எலியை விரட்டுவதற்கான பயிற்சி. கதவு மறைவில் பதுங்கியிருந்து உடன்பிறந்த குட்டியின்மேல் பாய்வது இரையின்மேல் பாய்வதற்கான பயிற்சி. நம் கால் விரலைக் கவ்வுவதும் அப்படியே. விளக்கம் கேட்பதற்கு வெகு பொருத்தமாக இருக்கிறது. அவ்வளவு பொருத்தமாக இருந்ததனால்தானோ என்னவோ, நெடுங்காலம் எவரும் அதைச் சோதித்துப் பார்க்கவில்லை. சோதித்துப் பார்த்தவர்களுக்குக் கிடைத்த விடை வேறாக இருந்தது. ஆயினும் நூல்களில் பழைய விடையே இன்னும் குடியிருக்கிறது.

அந்தப் பழைய விடையை இங்கே சற்று உரசிப் பார்ப்போம். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோளாறு ‘விளையாட்டு’ என்னும் சொல்லில் இருக்கிறது. குட்டியும் குட்டியும் கட்டிப் புரள்வதை விளையாட்டு என்கிறோம். குட்டி தனியாகப் பந்தை உருட்டுவதையும் விளையாட்டு என்கிறோம். வளர்ந்த பூனை பிடித்த எலியை விட்டுவிட்டு மறுபடியும் பிடிப்பதையும் விளையாட்டு என்கிறோம். மூன்றையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிட்டு, மூன்றுக்கும் சேர்த்து ஒரே காரணம் தேடுகிறோம்.

பயிற்சிக் கொள்கையை முறையாக எடுத்துரைத்தவர் கார்ல் குரூஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர். விலங்குகளின் விளையாட்டைப் பற்றிய அவருடைய நூல் 1896-இல் வெளிவந்தது. அதற்கு முன்னர் செல்வாக்குடன் இருந்தது ஹெர்பர்ட் ஸ்பென்சரின் கருத்து. வயிறு நிறைந்த விலங்கின் உடலில் எஞ்சி நிற்கும் சக்தியே விளையாட்டாக வழிகிறது என்பது அது. குரூஸுக்கு இது போதவில்லை. எஞ்சிய சக்தி எப்படி வேண்டுமானாலும் வழியலாமே. அது பூனைக்குட்டியிடம் பாய்ச்சலாகவும் ஆட்டுக்குட்டியிடம் முட்டலாகவும் இனத்துக்கு ஓர் உருவில் ஏன் வெளிப்படவேண்டும்? நல்ல கேள்விதான். இளமைப் பருவம் என்று ஒன்று அமைந்திருப்பதே விளையாடிப் பழகுவதற்காகத்தான் என்னுமளவுக்கு அவர் சென்றார்.

டார்வினின் இயற்கைத் தேர்வை விளையாட்டுக்குப் பொருத்திக் காட்டியது குரூஸின் சாதனை, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் அவர் தரும் சான்றுகள் எத்தகையவை? பெரும்பாலும் பிறர் கண்டு எழுதிவைத்த குறிப்புகள். விளையாடிய குட்டி ஒன்று, விளையாட வாய்ப்பில்லாத குட்டி ஒன்று என்று வளர்த்து, இரண்டையும் எலியின் முன் விட்டுப் பார்க்கும் சோதனைக்கு மேலும் எண்பது ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதாயிற்று.

கட்டிப் புரளும் குட்டிகள்

முதலில் குட்டிகளின் கூட்டு விளையாட்டை எடுத்துக்கொள்வோம். 1974-இல் மெரிடித் வெஸ்ட் என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர் இதனைக் கூர்ந்து நோக்கி, எட்டு வகை அசைவுகளாகப் பிரித்துக் காட்டினார். ஒரு குட்டி மல்லாந்து படுத்து நான்கு கால்களையும் ஆட்டும். மற்றது அதன்மேல் நின்று கவ்வும். சற்று நேரத்தில் கீழே இருந்தது மேலே வந்துவிடும். ஒன்று பின்னங்கால்களை ஊன்றி எழுந்து நிற்கும். ஒன்று முதுகை வில்லாக வளைத்து, வாலைத் தூக்கிக்கொண்டு, நண்டு போலப் பக்கவாட்டில் நடந்து வரும். இரண்டும் எதிரெதிரே உட்கார்ந்து, ஒன்றன் முகத்துக்கு நேராக மற்றது முன்னங்காலை வீசும். இவை தவிரப் பாய்தல், துரத்தல், தாவல் வேறு. உங்கள் வீட்டுத் திண்ணையிலோ மாடிப்படியிலோ இவற்றையெல்லாம் பார்த்திருப்பீர்கள்.

இப்போது ஒன்று கேட்கிறேன். மல்லாந்து படுத்து எலி பிடிக்கும் பூனையை எங்கேனும் கண்டதுண்டா? முதுகை வளைத்துப் பக்கவாட்டில் நடப்பது நாயைக் கண்டு மிரண்ட பூனையின் செயல் அல்லவா? வெஸ்ட் பிரித்துக் காட்டிய எட்டு அசைவுகளில் பாய்தலும் துரத்தலும்தான் வேட்டையை நேரே நினைவூட்டுகின்றன. எஞ்சியவற்றுள் பெரும்பாலானவை சண்டையின் சாயலுடையவை. அதிலும் நகம் உள்ளே இழுக்கப்பட்டிருக்கிறது; பல் பதிவதில்லை; மேலும் கீழும் மாறி மாறி வருகின்றன. எலி ஒருநாளும் முறை மாற்றிக்கொண்டு பூனையின் மேல் ஏறி உட்காராது. பிறந்த நான்காவது வார அளவில் தொடங்கும் இந்த ஆட்டம் மூன்று மாதம் வரை மும்முரமாக நடந்து, அதன்பின் தேய்கிறது.

பொருள்களுடன் ஆடும் ஆட்டம் இதிலிருந்து வேறுபட்டது. பேரட், பேட்சன் இருவரும் 1978-இல் வெளியிட்ட ஆய்வில், ஏழு அல்லது எட்டு வார வயதில் அது சட்டென்று கூடுவதைக் காட்டினர். கூட்டு ஆட்டத்தில் அந்த வயதில் அத்தகைய ஏற்றம் இல்லை. இரண்டும் ஒரே செயல் என்றால் இரண்டும் சேர்ந்தே ஏற வேண்டும், சேர்ந்தே இறங்க வேண்டும். ஏழு எட்டு வாரம் என்பது எந்தக் காலம் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். தாய், குட்டிகளுக்குப் பால் மறக்கடிக்கும் காலம் அது. 1981-இல் பேட்சன் குழுவினர் ஒரு மருந்தைக் கொடுத்துத் தாய்ப் பூனைகளின் பால் சுரப்பை முன்கூட்டியே தடுத்துப் பார்த்தார்கள். அந்தக் குட்டிகளின் விளையாட்டு கூடியது. விரைவில் சொந்தக் காலில் நிற்க வேண்டிய குட்டி விரைவாகவும் மிகுதியாகவும் விளையாடுகிறது என்று இதற்குப் பொருள் கொள்ளலாம். குரூஸின் பக்கத்தில் நிற்கும் சான்றுகளுள் இதையே நான் வலுவானதாகக் கருதுகிறேன்.

சோதனை என்ன சொல்லிற்று?

இனிதான் நெருக்கடி. டிம் கேரோ என்பவர் 1980 வாக்கில், பொருள்களுடன் விளையாட வாய்ப்புப் பெற்ற குட்டிகளையும் அவ்வாய்ப்புப் பெறாத குட்டிகளையும் வளர்த்து, பின்னர் அவை இரை பிடிக்கும் திறனை ஒப்பிட்டார். பயிற்சிக் கொள்கை உண்மையானால் முதல் வகுப்புக் குட்டிகள் முந்தியிருக்க வேண்டும். முந்தவில்லை. இரு வகுப்புகளுக்கும் இடையே சொல்லத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. தாய் உடனிருக்க இரையைச் சந்தித்த அனுபவமோ குட்டிகளின் திறனை வளர்த்தது. ஆக, ஆசிரியர் தாய்ப் பூனையே. நூற்கண்டுக்கு அந்தப் பட்டத்தைக் கொடுத்தவர்கள் நாம்.

தாய் எவ்வாறு கற்பிக்கிறது என்பது கவனிக்கத்தக்கது. முதலில் கொன்ற இரையைக் கொண்டுவந்து குட்டிகளின் முன்னே போடுகிறது. சில நாள் கழித்து உயிருள்ள இரையைக் கொண்டுவந்து விடுகிறது. இரை தப்பி ஓடினால் தானே பிடித்து மறுபடியும் கொண்டுவந்து வைக்கிறது. குட்டிகள் தேறத் தேற அதன் தலையீடு குறைகிறது. இவ்வளவு நல்ல பள்ளிக்கூடம் இருக்கையில் நூல்கள் நூற்கண்டின் புகழையே பாடுவது வேடிக்கை.

கேரோவின் முடிவையும் நாம் கண்ணை மூடிக்கொண்டு ஏற்க வேண்டியதில்லை. சோதனைச் சாலையில் சில குட்டிகளை வைத்துச் செய்த ஆய்வு அது. வேறுபாடு தென்படவில்லை என்பதும் வேறுபாடே கிடையாது என்பதும் ஒன்றாகா. மேலும் அவர் அளந்தது இரை பிடிக்கும் திறனை மட்டுமே. விளையாட்டின் பயன் தசையிலோ நரம்பிலோ சமநிலையிலோ இருக்கக்கூடும். 1995-இல் பையர்ஸ், வாக்கர் இருவரும், சுண்டெலி, எலி, பூனை ஆகியவற்றில் விளையாட்டு உச்சத்தை அடையும் வயதும் சிறுமூளையில் நரம்பிணைப்புகள் அமையும் வயதும் ஒத்திருப்பதைச் சுட்டிக்காட்டினர். இரண்டு நிகழ்ச்சிகள் ஒரே காலத்தில் நடப்பதனால் ஒன்று மற்றதற்குக் காரணம் ஆகிவிடாது. எனினும் ஆராயத்தக்க கருத்து. பயிற்சி என்ற சொல்லை வைத்துக்கொள்ள விரும்புவோர், எலி பிடிக்கும் பயிற்சி என்பதை விட்டு உடல் இயக்கப் பயிற்சி என்ற அளவில் வைத்துக்கொள்ளலாம்.

இவ்விடத்தில் இன்னும் பழைய சோதனை ஒன்றையும் குறிப்பிட வேண்டும். குவோ என்னும் சீன உளவியலாளர் 1930-இல் வெளியிட்டது அது. எலியைக் கொல்வது பூனையின் இயல்பூக்கம் என்ற கருத்தை உடைப்பதே அவர் நோக்கம். தாய் எலி கொல்வதைக் கண்டு வளர்ந்த 21 குட்டிகளில் 18 பின்னர் எலியைக் கொன்றன. தனியே வளர்க்கப்பட்ட 20 குட்டிகளில் 9 கொன்றன. எலியுடன் ஒரே கூண்டில் வளர்ந்த 18 குட்டிகளில் 3 மட்டுமே கொன்றன. அவையும் தம்முடன் வளர்ந்த வகை எலியைத் தொடவில்லை. இயல்பூக்கம் என்று ஒன்று இல்லை என்பதற்கு இதைச் சான்றாகக் காட்டினார் குவோ. நான் அப்படிப் படிக்கவில்லை. எலி கொல்லப்படுவதைக் கண்டே இராத 20 குட்டிகளில் 9 எலியைக் கொன்றன என்றால், அந்த ஒன்பதுக்கும் கற்றுக்கொடுத்தது யார்? குவோவின் கணக்கே குவோவின் முடிவை அரைவாசி மறுக்கிறது. அனுபவம் பெரிது என்பதை அவர் காட்டினார். அனுபவமே எல்லாம் என்பதைக் காட்டவில்லை. குட்டிகளைத் தனிமையில் அடைத்து வளர்க்கும் இத்தகைய சோதனைக்கு இன்றைய அறநெறிக் குழுக்கள் எளிதில் இசைவு தரமாட்டா என்பதையும் சொல்லவேண்டும்.

பழமொழியும் எலியும்

மூன்றாவது வகைக்கு வருவோம். “பூனைக்கு விளையாட்டு, எலிக்குச் சீவன் போகிறது” என்பது நம் பழமொழி. பிடித்த எலியை உடனே கொல்லாமல், விட்டு, ஓடவிட்டு, மறுபடி அடித்து வீழ்த்துவதைக் கண்டு பூனையைக் கொடியது என்று தீர்ப்பளித்தார்கள் நம் முன்னோர். எலியின் பக்கம் நின்று பார்த்தால் பழமொழியில் பிழை இல்லை. பூனையின் பக்கம் விளையாட்டுதானா என்பதே கேள்வி.

இதுபற்றி விரிவாக எழுதியவர் பால் லேஹௌசன். பூனைகளைப் பற்றிய அவருடைய ஜெர்மன் நூல் 1956-இல் வந்தது. விரிவாக்கப்பட்ட ஆங்கிலப் பதிப்பு 1979-இல் வெளியாயிற்று. பூனையின் நடத்தையைப் பற்றி எழுதுபவர் எவரும் இன்றளவும் அந்நூலைத் தாண்டிப் போக முடிவதில்லை. பூனை இரையின் பிடரியை எவ்வாறு கவ்வுகிறது, அதன் கோரைப் பல் கழுத்தெலும்புகளின் நடுவே ஆப்பு போல எவ்வாறு இறங்குகிறது என்பனவற்றை அவர் வருணிக்கும் பகுதிகள் அருமையானவை. காத்திருத்தல், பதுங்குதல், பிடித்தல், கொல்லுதல், உண்ணுதல் ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வேட்கை உண்டு என்பது அவர் கொள்கை. பசி தீர்ந்தபின்னும் பூனை பிடிக்கும். கொல்லும் வேட்கை தீர்ந்தபின்னும் பதுங்கும். சுண்டெலி போன்ற சிறு இரையைப் பலமுறை பிடித்து வாழவேண்டிய விலங்குக்குப் பசி வரும்வரை காத்திருப்பது கட்டுப்படியாகாது ஆகையால், இதில் பொருள் இருக்கிறது.

ஆனால் வேட்கை எப்படி எழுகிறது என்று விளக்கும்போது அவர் தொட்டியில் நீர் நிரம்புவதைப் போல ஒன்றைக் கற்பனை செய்கிறார். பயன்படுத்தாத வேட்கை நிரம்பித் ததும்பி விளையாட்டாக வழிகிறதாம். பூனையின் நரம்பு மண்டலத்தில் அப்படிப்பட்ட தொட்டி எதையும் எவரும் கண்டதில்லை. இன்னொன்றும் கவனியுங்கள். எஞ்சிய சக்தி வழிகிறது என்ற ஸ்பென்சரைக் குரூஸ் தலைவாசல் வழியே வெளியே அனுப்பினார். லேஹௌசன் அவரைக் கொல்லைப்புற வாசல் வழியே திரும்ப அழைத்துவந்து உட்கார்த்தி வைத்துவிட்டார்.

இதைக் காட்டிலும் எளிய சோதனை ஒன்று, லேஹௌசனின் ஆங்கில நூல் வந்த அதே 1979-இல் வெளியாயிற்று. மக்சீன் பிபன் என்பவர் பூனைகளின் பசியையும் இரையின் அளவையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார். பசி மிகுந்த பூனை சிறிய இரையை விரைந்து கொன்றது; பசி குறையவும் இரை பெரிதாகவும் ஆக, கொல்வது அரிதாயிற்று. விட்டுப் பிடிக்கும் ‘விளையாட்டு’ மிகுந்தது எப்போது தெரியுமா? பசியும் தயக்கமும் சமமாக நின்றபோது. பெரிய எலி திருப்பிக் கடிக்கும். முகத்தில் பட்ட கடி பூனைக்கு ஆபத்து. ஆகவே முன்னங்காலால் தள்ளிப் பார்த்து, தளர்ந்துவிட்டதா என்று சோதித்து, பிறகே வாயைக் கொண்டுபோகிறது. பழமொழி கண்ட கொடுமை, பூனையின் கணக்கில் எச்சரிக்கை.

வளர்ந்த பூனை பஞ்சு எலியோடு ஆடுவதும் ஏறத்தாழ இதே கதைதான். இங்கிலாந்தின் சௌதாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் சாரா ஹால், ஜான் பிராட்ஷா ஆகியோர் செய்த ஆய்வுகள் இதைக் காட்டுகின்றன. பசித்த பூனை பொம்மையோடு மும்முரமாக ஆடுகிறது. பொம்மை பெரிதாக இருந்தால் எட்ட நின்றே தட்டுகிறது. ஒரே பொம்மையைத் திரும்பத் திரும்பக் கொடுத்தால் சலித்துவிடுகிறது. சிறிது நேரத்தில் வேறு தோற்றமுள்ள பொம்மையைக் கொடுத்தால் முன்னிலும் ஆவேசமாகப் பாய்கிறது. கிழியாத, சுவை தராத, மாறாத பொருள் இரையாக இருக்க முடியாது என்று பூனை கைவிடுகிறது என்பதே அவர்கள் தரும் விளக்கம். பெற்றோர் விலை கொடுத்து வாங்கிய பொம்மை இரண்டாம் நாள் கட்டிலடியில் கிடப்பதற்கும், காற்றில் சரசரக்கும் காகிதப் பந்து வெற்றி பெறுவதற்கும் காரணம் இங்கே இருக்கிறது.

இனி 2021-க்கு வாருங்கள். இங்கிலாந்தின் தென்மேற்கில் 219 வீடுகளிலுள்ள 355 பூனைகளைக் கொண்டு எக்ஸிட்டர் பல்கலைக்கழகத்தார் ஒரு சோதனை நடத்தினர். பூனைகள் காட்டுயிர்களைக் கொன்று வீட்டுக்குக் கொண்டுவருவதை எப்படிக் குறைப்பது என்பதே அவர்களுடைய கவலை. நாள்தோறும் ஐந்து முதல் பத்து நிமிடம் பூனையுடன் விளையாடிய வீடுகளில், கொண்டுவந்த இரையின் எண்ணிக்கை 25 விழுக்காடு குறைந்தது. இறைச்சிப் புரதம் மிகுந்த உணவு கொடுத்த வீடுகளில் 36 விழுக்காடு குறைந்தது. கழுத்தில் கட்டிய மணியால் தெளிவான பயன் இல்லை. வீட்டுக்குக் கொண்டுவந்ததை மட்டுமே எண்ணினார்கள். வெளியிலேயே தின்றதும் விட்டதும் கணக்கில் வரா. இக்குறையை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும், பயிற்சிக் கொள்கைக்கு இது சங்கடமான செய்தி. பயிற்சி செய்தவன் அல்லவா அதிகம் பிடிக்கவேண்டும்?

ஒரே ஈற்றில் பல குணம்

இதுவரை ‘பூனை’ என்று பொதுவாகப் பேசிவந்தோம். பூனை வளர்ப்பவர் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். ஒரே ஈற்றுக் குட்டிகள் நான்கில் ஒன்று துணிச்சலானது, ஒன்று ஒட்டிக்கொள்வது, ஒன்று கட்டிலடியைவிட்டு வராதது. ஆய்வுச்சாலைகள் இந்த வேறுபாட்டை நெடுநாள் தொல்லையாகவே கருதிச் சராசரிக்குள் கரைத்துவிட்டன. அதைவிடப் பெரிய வேடிக்கையும் நடந்தது.

1946-இல் கத்ரி, ஹார்ட்டன் என்னும் இரு அமெரிக்க உளவியலாளர்கள் புதிர்ப் பெட்டி ஒன்றில் பூனைகளை விட்டுப் பார்த்தனர். பெட்டியின் நடுவிலுள்ள கோலை எப்படி அசைத்தாலும் கதவு திறக்கும். ஒவ்வொரு பூனையும் ஏறத்தாழ ஒரே விதமாகக் கோலில் உடம்பைத் தேய்த்துக் கதவைத் திறந்தது, மறுமுறையும் அவ்வாறே. வெற்றி தந்த கடைசி அசைவு அப்படியே மனத்தில் பதிந்துவிடுகிறது என்ற கத்ரியின் கற்றல் கொள்கைக்கு இது பெருஞ்சான்றாக விளங்கியது. முப்பத்து மூன்று ஆண்டுகள் கழித்து, 1979-இல், மூர், ஸ்டட்டார்ட் என்னும் இருவர் கதவு திறக்கும் ஏற்பாடே இல்லாமல் பூனைகளைப் பெட்டியில் விட்டனர். மனிதர் கண்ணுக்குத் தெரியும்படி இருந்தபோது பூனைகள் கோலில் உரசின. மனிதர் மறைந்திருந்தபோது உரசவில்லை. பூனை எதையும் கற்கவில்லை. எதிரே உட்கார்ந்திருந்த பேராசிரியரை வரவேற்றுக்கொண்டிருந்தது! நம் காலைச் சுற்றிவந்து உரசுமே, அதே வரவேற்பு. நம்மிடம் வரமுடியாததால் கோலில் உரசிற்று. வீட்டுப் பூனையின் வழக்கத்தை அறிந்த எவரும் முதல் நாளே சந்தேகித்திருக்கக்கூடிய ஒன்று பாடநூல்களில் கற்றல் விதியாக நின்றது.

பூனைகளின் தனித்தன்மையைப் பொருட்படுத்தியவர்களுள் கேம்பிரிட்ஜ் குழுவினர் முக்கியமானவர்கள். 1986-இல் அவர்கள் வெளியிட்ட முறை எளிமையானது. 14 பெட்டைப் பூனைகளை மூன்று மாதம் கவனித்த இரண்டு நோக்கர்கள், ஒருவரையொருவர் கலக்காமல், 18 இயல்புகளுக்கு மதிப்பளித்தனர். பெரும்பாலானவற்றில் இருவரின் மதிப்பும் ஒத்திருந்தது. ஆகவே பூனைக்குக் குணம் உண்டு என்பது வளர்ப்பவரின் கற்பனை மட்டும் அன்று. அதே ஆண்டில் வந்த மற்றோர் ஆய்வு, மனிதரிடம் குட்டி நெருங்கிப் பழகுவதற்கும் அதன் தந்தைக்கும் தொடர்பு இருப்பதைக் காட்டியது. கடுவன் பூனை குட்டிகளின் பக்கமே வந்ததில்லை. எனவே அது மரபணு வழியே வந்த பங்கு. 1995-இல் சாண்ட்ரா மக்கியூன் இதை மேலும் துலக்கினார். நெருங்கிப் பழகும் தந்தைக்குப் பிறந்தவை முன்பின் பார்த்திராத பெட்டியையும் அஞ்சாமல் அணுகின. ஆக, தந்தை தந்தது அன்பு அன்று, துணிவு. துணிவு இருந்தால் மனிதரிடமும் பெட்டியிடமும் ஒருங்கே நெருங்கலாம்.

மற்றொரு பங்கு நம் கையில் இருக்கிறது. ஐலீன் கார்ஷ் என்னும் அமெரிக்கர் 1983-இல் தெரிவித்த ஆய்வில், நாளொன்றுக்குப் பதினைந்து நிமிடம் மனிதக் கையில் எடுக்கப்பட்ட குட்டிகளை ஒப்பிட்டார். மூன்றாம் வாரத்திலேயே தொடங்கியவை, ஏழாம் வாரத்தில் தொடங்கியவற்றைவிட மனிதரிடம் விரைவாக வந்தன. மடியில் நெடுநேரம் இருந்தன. இரண்டு முதல் ஏழு வாரம் வரையிலான காலத்தை உணர்வுமிக்க பருவம் என்று இதனால் கூறுகிறார்கள். இதைத் தவறாகப் படித்துவிட்டு, குட்டியை அந்த வயதிலேயே தாயிடமிருந்து பிரித்து வாங்கிவருவது பெரும் பிழை. 2017-இல் பின்லாந்தில் 5,726 பூனைகளைப் பற்றிய விவரங்களைத் திரட்டிப் பார்த்தபோது, எட்டு வாரத்துக்கு முன் தாயைப் பிரிந்தவை பிற்காலத்தில் அதிகம் சீறுவதும் தாக்குவதும் தெரியவந்தது. வளர்ப்பவர்கள் நிரப்பி அனுப்பிய படிவங்களை நம்பிய ஆய்வு அது. ஆயினும் எண்ணிக்கை பெரிது. கையால் தொடுவது மூன்றாம் வாரத்தில் தொடங்கட்டும். குட்டி தாயோடு இருக்கட்டும். நான்கு வாரக் குட்டியைக் கூடையில் வைத்துச் சந்தை ஓரத்தில் விட்டுப்போகிறவர்கள், உடன்பிறந்தவையோடு அது கட்டிப் புரளவேண்டிய நாட்கள் அனைத்தையும் ஒருசேர எடுத்துவிடுகிறார்கள்.

அதே 2017-இல் தென் ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலுமாக 2,802 பூனைகளுக்கு அவற்றை வளர்ப்பவர்களே மதிப்பெண் இட்டதைக்கொண்டு பூனைக் குணங்கள் ஐந்து என்று வகுத்தார்கள்: பதற்றம், வெளிநோக்கு, ஆதிக்கம், அவசரம், இணக்கம். பரபரப்பாகப் பேசப்பட்ட பட்டியல் இது. எனக்கு இதில் மனநிறைவு இல்லை. சொற்கள் மனிதரின் குணங்களை அளக்கும் அட்டவணைகளின் வாரிசுகள். மதிப்பெண் இட்டவரோ ஒரு வீட்டுக்கு ஒருவர். கேம்பிரிட்ஜில் இருவரை வைத்துச் சரிபார்த்தது போன்ற காவல் இங்கே இல்லை. செம்பூனை சாது, வெள்ளைப் பூனை ஒட்டாதது என்று மக்கள் நிறத்தைப் பார்த்தே குணம் சொல்வதைக் கலிபோர்னியாவிலிருந்து 2012-இல் வந்த ஆய்வு ஒன்று எடுத்துக்காட்டியிருக்கிறது. அப்படிப்பட்ட எண்ணங்கள் மதிப்பெண்ணுக்குள் புகாமல் இருக்குமா?

மாணவர்கள் இதில் செய்யத்தக்கது ஒன்று உண்டு, செலவும் இல்லை. வீட்டிலோ தெருவிலோ உள்ள ஒரு பூனையையோ ஓர் ஈற்றுக் குட்டிகளையோ தேர்ந்துகொண்டு, நாள்தோறும் ஒரே வேளையில் கால் மணி நேரம் பாருங்கள். ‘விளையாடிற்று’ என்று எழுதாதீர்கள். மல்லாந்தது, பக்கவாட்டில் நடந்தது, பதுங்கிற்று, தட்டிற்று என்று கண்டதை எழுதுங்கள். எதிரே இருந்தது குட்டியா, பொருளா, உயிருள்ள இரையா? கடைசியாக உண்டது எப்போது? இரண்டு பேர் தனித்தனியே எழுதி, மாத முடிவில் ஒப்பிட்டால் இன்னும் நன்று. ஏட்டின் ஓரத்தில் மற்றொரு பத்தியும் இருக்கட்டும்: அந்த நேரத்தில் நீங்கள் எங்கே உட்கார்ந்திருந்தீர்கள், பூனை உங்களைப் பார்த்ததா என்பதற்கு.